ஆர். பி. ஜே.

கலாம்பாவில் ஹொசே ரிஸாலின் குடும்ப வீட்டைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது எரிச்சல்தான். மணிலாவுக்குத் தெற்கே, லகூனா மாகாணத்தில் இருக்கிறது அந்த ஊர். 1861இல் அவர் பிறந்த வீடு அல்ல இது. அது அழிந்துபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடுத்த காசில் 1950இல் திரும்பக் கட்டினார்கள். 2009இல் பச்சை வர்ணம் அடித்தார்கள். ரிஸால் என்ற பெயரில் பசுமை என்ற அர்த்தம் இருக்கிறதாம். எதுகை பார்த்துச் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் போலிருக்கிறது.

அந்தப் பெயரே பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். சீனாவிலிருந்து வந்த மூதாதை லாம்-கோ, மெர்காதோ ஆனார். எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1849இல் ஸ்பானிய கவர்னர் உத்தரவு போட்ட பிறகு ரிஸால் சேர்ந்தது. 1872இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட பர்கோஸ் பாதிரியாருக்கு நெருக்கமாக இருந்தவர் அண்ணன் பாசியானோ. மெர்காதோ என்ற பெயர் சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. அதனால் தம்பி பள்ளியில் ரிஸால் ஆனான். ஒளிந்துகொள்ளப் போட்ட பெயர்தான் இன்று சுவரில் பச்சையாக நிற்கிறது.

நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. கவிதை எழுதிய நண்பன் ஒருவன் இறந்த மறுவருஷம் அவன் நோட்டுகள் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போய்விட்டன. எழுதுகிறவன் குடும்பத்தைப் பற்றி நம்மிடையே வழக்கமாகப் புழங்கும் கசப்பை நானும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சமயத்தில்தான் ரிஸாலின் சகோதரிகளைப் பற்றிப் படித்தேன்.

1896 டிசம்பர் 30 காலையில் சுட்டுக் கொன்றார்கள். முந்தின நாள் ஸாந்தியாகோ கோட்டைச் சிறையில் தங்கை த்ரினிதாத்திடம், ஸ்பிரிட் அடுப்புக்குள் ஏதோ இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார். காவலர்களுக்கு அந்த பாஷை தெரியாது. உள்ளே இருந்தது மடித்த ஒரு காகிதம், எழுபது வரிகள். தலைப்பு இல்லை, கையெழுத்து இல்லை. இன்று நாம் அறிந்திருக்கிற தலைப்புகூடப் பிறர் வைத்தது.

உடலைக் குடும்பத்திடம் தரவில்லை. அக்கா நார்சிஸா கல்லறைத் தோட்டம் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனாள். பாகோவில் புதிதாக மண் கிளறின இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்தவனுக்குக் காசு கொடுத்து ஒரு அடையாளம் வைக்கச் சொன்னாள்: ஆர். பி. ஜே. தம்பி பெயரின் முதலெழுத்துகள், வரிசை மாற்றி.

அமெரிக்கர்கள் மணிலாவுக்குள் வந்த பிறகு, 1898 ஆகஸ்டில், எலும்புகளைத் தோண்டி எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாள். பதினான்கு வருஷம். 1912இல் லுனேடா நினைவுச் சின்னத்துக்குள் போனபோது அவை தேசத்தினுடையவை ஆகிவிட்டன. அவள் பேத்தி அஸுன்ஸியோன் லோபெஸ் பான்துக் 1982இல் எழுதிய புத்தகத்தின் பெயர் 'லோலோ ஹொசே'. லோலோ என்றால் தாத்தா. நினைவுச் சின்னத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

இதையெல்லாம் நண்பனின் மனைவிக்கு எதிரான சாட்சியமாகத்தான் முதலில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் த்ரினிதாத்திடம் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்ல ஒருவர் இருந்தார். இவளிடம் யார் சொன்னோம்? அடக்கத்துக்குப் போன நாங்கள் ஐந்து பேரும் எழுதுகிறவர்கள். வாசலில் நின்று காப்பி குடித்தோம். நோட்டுகள் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மூன்று மாத வாடகை பாக்கி என்று அவள் சொன்னதை மட்டும் எல்லோரும் கேட்டோம்.

பாசியானோ புகைப்படம் எடுத்துக்கொள்ள விரும்பாதவர். தம்பியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிச் சித்திரவதை செய்தும் கையெழுத்துப் போடவில்லை. 1930வரை இருந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சப்பாத்துக்குள்ளும் ஏதோ வைத்திருப்பதாக ரிஸால் சொல்லியிருந்தாராம். பாகோவில் தோண்டியபோது சப்பாத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருஷ ஈரத்தில் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை.