காணாக் கயிறு

இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து, அடியில் துளையிட்டு, நீண்ட நூல் ஒன்றால் பிணைத்துத் தொலைபேசி விளையாட்டு ஆடாத சிறுவர் தமிழகத்தில் ஒரு காலத்தில் அரியர். ஒருவன் ஒரு பெட்டியை வாயருகே வைத்துப் பேசுவான். மற்றவன் மறு பெட்டியைக் காதில் வைத்துக் கேட்பான். நூல் விறைப்பாக இருக்கும் வரையில் குரல் செல்லும், தளர்ந்தால் மங்கும், அறுந்தால் அடங்கிவிடும். குறை எங்கே என்பதைக் கண்ணே காட்டும். அறுந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் விளையாட்டு மீண்டும் தொடங்கும்.

இன்றைய மாணவர் கையில் வேறொரு கருவி இருக்கிறது. புளூடூத் இயர்பட்ஸ் என்று வழங்கும் அச்சிறு கருவியைக் காதில் செருகிக்கொண்டால், சட்டைப்பையில் உள்ள கைப்பேசியின் பாடமும் பாட்டும் காதுக்குள் ஒலிக்கின்றன. இடையே நூலும் இல்லை, கம்பியும் இல்லை. ஆயினும் கயிறு ஒன்று உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாத கயிறு. காணும் கயிறு அறுந்தால் கண் சொல்லும். காணாக் கயிறு அறுந்தால் அறிவுதான் தேடிச் சொல்லவேண்டும். அறிவு தேடுவதற்கு முன் சினம் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி அதைக் காட்டும்.

அவ்வீட்டின் மூத்த மகன் பத்தாம் வகுப்பு மாணவன். வீடு சிறியது, எல்லோரும் படுத்து உறங்குவதற்கு ஒரு கூடமே உண்டு. பிறர் உறக்கம் கெடாமல் இரவில் பாடம் கேட்க வேண்டும் என்று, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உறவினர் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்து அவன் இயர்பட் வாங்கினான். அதைக் கண்ணினும் மேலாகக் காத்துவந்தான். ஒரு நாள் மாலை பெட்டியைத் திறந்து, எடுத்துக் காதில் செருகினான். ஒலி வரவில்லை. காதுக்குள் பேச வேண்டிய கைப்பேசி ஊர் கேட்கப் பேசியது. இருமுறை, மும்முறை முயன்றான், பயன் இல்லை.

முந்திய நாள் தங்கை அதைக் கையில் எடுத்துப் பார்த்தது அவன் நினைவுக்கு வந்தது. "நீதான் கெடுத்துவிட்டாய். இனி என் பொருளைத் தொடாதே" என்று சினந்தான். "நான் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன், அண்ணா" என்றாள் அவள். அவள் குரல் நடுங்கியது. அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் சோறும் உண்ணாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திண்ணையில் இருந்த தாத்தா இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நெடுங்காலம் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தவர். பேரனை அருகே அழைத்தார். "தம்பி, பழுது பார்க்கிறவன் முதலில் ஆளைத் தேடமாட்டான்; காரணத்தைத் தேடுவான். அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டாயா?" என்று கேட்டார். அவன் விடை கூறாமல் நின்றான்.

அக்கருவி வேலை செய்யும் முறை அறியத்தக்கது. கைப்பேசியும் இயர்பட்டும் வானொலி அலையால் பேசிக்கொள்கின்றன. நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி முறை அதிரும் அலை அது. அதனை அனுப்பும் ஆற்றலோ மிகச் சிறிது. ஆதலால் அவ்வலை ஊர்விட்டு ஊர் செல்வதில்லை. பெரும்பாலான கருவிகளில் பத்து மீட்டர் அளவே நன்றாக எட்டும். கருவிகளைப் பிணைக்கும் கம்பிகளை ஒழிக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு 1994-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் இதற்கான முயற்சி தொடங்கியது. 1998-ஆம் ஆண்டில் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி இதற்கெனப் பொதுவான அமைப்பு ஒன்றை நிறுவின. பத்தாம் நூற்றாண்டில் சிதறிக் கிடந்த டென்மார்க்கு மக்களை ஒன்றுசேர்த்த அரசர் ஹரால்டு என்பவர். 'நீலப்பல்' என்பது அவருடைய பட்டப்பெயர். வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறைக்கு அவர் பெயரே பொருந்தும் எனக் கருதி, 'புளூடூத்' என்று பெயரிட்டனர். கைப்பேசியில் காணும் புளூடூத் அடையாளமும், பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் அவர் பெயரின் இரு முதலெழுத்துகள் இணைந்த வடிவமே ஆகும்.

ஓர் அறையில் பலருடைய கருவிகள் ஒரே நேரத்தில் பேசினாலும் அவற்றின் பேச்சு பெரும்பாலும் கலப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. இந்த அலைவெளி பல தடங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இசை கேட்பதற்குப் பெரிதும் பயன்பட்டுவரும் முறையில் 79 தடங்கள் உள்ளன. கைப்பேசியும் இயர்பட்டும் நொடிக்கு 1600 முறை வரையில் தடம் விட்டுத் தடம் தாவுகின்றன. எந்தத் தடத்திலிருந்து எந்தத் தடத்திற்குத் தாவுவது என்னும் ஒழுங்கு அவ்விரண்டுக்குமே தெரியும். நெரிசல் மிகுந்த தடங்களை அவை விலக்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு தடம் தாவும் எண்ணம் புதிதன்று. போர்க்கப்பலிலிருந்து செலுத்தும் நீர்மூழ்கிக் குண்டின் வானொலி ஆணையைப் பகைவர் கெடுக்காதிருக்க, திரைப்பட நடிகை ஹெடி லமார் என்பவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைல் என்பவரும் இத்தகைய முறை ஒன்றை அமைத்து 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர்.

இனி, கைப்பேசியும் இயர்பட்டும் நட்புக் கொள்ளும் முறையைக் காண்போம். முன்பின் அறியாதவர் வீட்டினுள் நேரே நுழைவதில்லை. முதலில் அறிமுகம் வேண்டும். கருவிகளுக்கும் அவ்வாறே. இயர்பட் இருக்கும் பெட்டியின் மூடியைத் திறந்து, அதிலுள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் விளக்குச் சிமிட்டத் தொடங்கும். சிலவற்றில் பொத்தானுக்கு மாறாக இயர்பட்டையே தொட்டுப் பிடிக்கவேண்டும். உடன் வரும் குறிப்புத்தாள் அதைக் கூறும். விளக்குச் சிமிட்டுதல், 'புதிய நட்புக்கு ஆயத்தம்' என்று இயர்பட் அறிவிப்பதாகும். அப்போது கைப்பேசியின் அமைப்புகளில் புளூடூத் பகுதியைத் திறந்தால், அக்கருவியின் பெயர் தோன்றும். அதைத் தொட்டவுடன் இரண்டும் தமக்குள் ஒரு மறைத்திறவுகோலை உருவாக்கி, ஆளுக்கொன்றாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. மறுநாள் மீண்டும் அறிமுகம் வேண்டியதில்லை. பழகிய முகத்தைக் கண்டதும் கதவு திறப்பதுபோல அவை தாமே இணைந்துகொள்கின்றன.

இதை அறிந்தால், ஒலி வராதபோது எதை முதலில் பார்ப்பது என்பது தானே விளங்கும். தாத்தாவும் பேரனும் அவ்வரிசையிலேயே தேடினர்.

"முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்" என்றார் தாத்தா. சார்ஜ் இல்லாத கருவி பேசாது. இயர்பட்டுக்கு உணவூட்டுவது அதன் பெட்டி. ஆதலால் பெட்டியிலும் சார்ஜ் இருக்கவேண்டும். பெட்டிக்குள் சிறு உலோக முனைகள் உள்ளன. இயர்பட்டில் உள்ள முனைகள் அவற்றைத் தொட்டால்தான் மின்னாற்றல் ஏறும். காதழுக்கும் தூசியும் படிந்தால் தொடர்பு கெடும். 'ஒரு காதில் மட்டும் கேட்கவில்லை' என்று வருந்துவோர் பலருடைய குறைக்குக் காரணம் இந்த அழுக்கே. உலர்ந்த மென்துணியால் துடைத்து, இரண்டையும் பெட்டியில் வைத்து மூடிச் சிறிது நேரம் கழித்து ஒருசேர எடுத்தால், பிரிந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். ஒலி குன்றியிருந்தால் வாயில் உள்ள சிறு வலையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பேரன் துடைத்துப் பார்த்தான். அழுக்கு இல்லை, சார்ஜும் இருந்தது.

"அடுத்து, இடையில் தடை ஏதேனும் உண்டா என்று பார்" என்றார். நீர் இவ்வலையை உறிஞ்சும் இயல்புடையது. மனித உடலில் பெரும்பகுதி நீரே. ஆகவே, கைப்பேசி பின்பக்கப் பையில் இருந்தால் உடலே சுவராகி ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். கைப்பேசியை மேற்பைக்கு மாற்றினாலே அக்குறை தீரும். வைஃபை கருவியும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவெளியைச் சார்ந்தவை. அவற்றின் அருகிலும் ஒலி தடுமாறும். சில அடி விலகி அமர்வதே மருந்து. கணினியில் பேசும்போது மட்டும் ஒலி தேய்ந்து கேட்டால், அது பழுதன்று. காதுக்கு ஒலியும், வாயிலிருந்து குரலும் ஒரே நேரத்தில் செல்லும்போது வழி குறுகிவிடுகிறது. கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலி தெளிவடையும். இவற்றுள் எதுவும் அன்றைய குறைக்குக் காரணமாக இல்லை. கைப்பேசி பேரன் கையிலேயே இருந்தது.

"அப்படியானால் கருவி கெடவில்லை, வேறு யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறது. நேற்று இரவு இதை எதனோடு இணைத்தாய்?" என்றார் தாத்தா.

பேரன் திடுக்கிட்டான். முந்திய இரவு அவன் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அம்மாவின் கைப்பேசியோடு இணைத்துப் பாடம் கேட்டிருந்தான். பெட்டியைத் திறந்தவுடன் இயர்பட்கள் தாம் கடைசியாகப் பழகிய கருவியை நாடும் இயல்புடையவை. அம்மாவின் கைப்பேசி சமையலறை அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தான். 'இணைக்கப்பட்டது' என்ற சொல்லோடு இயர்பட்டின் பெயர் அதில் விளங்கிற்று. மாலை முழுவதும் அது அங்கே காத்துக்கொண்டிருந்தது! அவன் அவ்விணைப்பை விலக்கிவிட்டுத் தன் கைப்பேசியில் பெயரைத் தொட்டான். மறுகணம் காதில் பாடம் ஒலித்தது.

"இதற்கும் இணங்காவிட்டால் என்ன செய்வது, தாத்தா?" என்று கேட்டான்.

"பழைய நட்பை அடியோடு மறக்கச் செய்யவேண்டும்" என்றார் அவர். கைப்பேசியின் பட்டியலில் இயர்பட்டின் பெயரைத் தொட்டு, 'மறந்துவிடு' என்னும் கட்டளையைத் தெரிந்தெடுத்தால் பழைய திறவுகோல் அழிந்துவிடும். குறிப்புத்தாளில் கூறியபடி பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் இயர்பட்டும் தன் பழைய நினைவை இழக்கும். பின்னர் முதல் நாள்போல் மீண்டும் அறிமுகம் செய்யலாம். ஒருபுறம் மட்டும் மறந்து, மறுபுறம் மறவாதிருந்தால் இரு திறவுகோல்களும் பொருந்தா, இணைப்பும் கூடாது. ஆதலால் இருபுறமும் மறப்பதே முறை. இவ்வளவும் செய்த பின்னரே பழுது பார்ப்பவரை நாடவேண்டும்.

கருவி பேசத் தொடங்கிற்று. ஆனால் பேரன் முகம் மலரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த தங்கையைப் பார்த்தான். தவறு செய்தவன் யார் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. அலைக்கயிற்றைச் சரிசெய்யச் சில நிமிடம் போதுமானதாயிருந்தது. சினத்தால் அறுந்த கயிற்றைச் சரிசெய்ய எந்தப் பொத்தானை அழுத்துவது?

அவன் அவள் அருகே சென்று அமர்ந்தான். "தவறு என்னுடையதே, அம்மா. கேட்காமல் உன்னைக் கடிந்துகொண்டேன்" என்றான். அவள் சிறிது நேரம் திரும்பவில்லை. பின்பு எழுந்து, "நாளைக்கு நான் தொடலாமா?" என்று கேட்டாள். "நாளைக்கு ஏன்? முதலில் சாப்பிடு, இன்றே கேட்கலாம்" என்றான் அவன்.

கருவிகளைக் கையாளக் கற்கும் மாணவர் இரண்டை நினைவில் வைத்தல் நலம். ஒன்று, அளவு. காதுக்குள் நேரே பாயும் ஓசை மிகுந்தால் செவிப்புலன் கெடும். கெட்ட செவி மீள்வது அரிது. 80 டெசிபெல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணிநேரத்திற்கு மேல் கேட்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. சாலையிலும் இருப்புப்பாதை அருகிலும் இயர்பட்டைக் கழற்றிப் பெட்டியில் வைப்பதே அறிவுடைமை. மற்றொன்று, பொறுமை. கருவி பேசாதபோது உயிரையும், தடையையும், நட்பையும் வரிசையாக ஆராய்ந்தால் பெரும்பாலான குறைகள் தீர்ந்துவிடும். மனிதரையும் மனிதரையும் பிணைக்கும் கயிறும் காணாக் கயிறே. அதுவும் சில வேளைகளில் தளரும். அப்போதும் குற்றம் சாட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுவோரே அதனை அறுந்துபோகாமல் காப்பர்.

அன்றிரவு அச்சிறு வீட்டின் கூடத்தில் அண்ணனும் தங்கையும் அருகருகே அமர்ந்திருந்தனர். துடைத்துத் தந்த இயர்பட் ஒன்று அவள் காதில் இருந்தது. மற்றொன்று அவன் காதில் இருந்தது.