கூழுக்கு ஒரு பனிநாள்

ரொறன்ரோவில் ஒடியல் கூழ் காய்ச்சப் பொருத்தமான நாள் எது என்று கேட்டால், கோடையில் சொந்தக்காரர் எல்லாரும் பூங்காவில் கூடும் நாளைத்தான் பலர் சொல்வார்கள். நான் பனி கொட்டும் நாளைச் சொல்வேன். 2022 ஜனவரி 17 போன்ற ஒரு நாள். கொரோனாக் காலத்து இணைய வகுப்புகள் முடிந்து, ஒன்ராறியோப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பவேண்டிய திங்கட்கிழமை அது. அன்று பனி நகரத்தை மூடிவிட்டது. பள்ளிக்கூடங்கள் திறக்கவில்லை. டொன் வலி நெடுஞ்சாலையிலும் கார்டினர் விரைவுச்சாலையிலும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். ஸ்காபரோவில் எங்கள் தெருவில் யாருமே காரை எடுக்கவில்லை.

கூழுக்கு ஆளும் வேண்டும், நேரமும் வேண்டும். நண்டும் றாலும் மீன்தலையும் பலாக்கொட்டையும் ஒரே பானையில் சேரவேண்டும் என்றால் சிறிய பானை கட்டாது. ஒருவருக்கென்று கூழ் காய்ச்சுகிற வழக்கமும் எங்களிடம் இல்லை. ஆளுக்கொரு ஷிப்டில் வேலைக்கு ஓடும் வீட்டில், எல்லாரும் பகல் முழுக்க ஒன்றாக இருப்பது இப்படிப்பட்ட நாளில்தான். அடைத்த ஜன்னல்களும் ஹீற்றரின் வறண்ட காற்றுமாக இருக்கும் வீட்டுக்கு, மணிக்கணக்காகக் கொதிக்கும் பானையின் ஆவி ஒரு நல்ல ஈரத்தைத் தருகிறது. மீன் வாசம் இரண்டு நாளைக்குப் போகாது என்று கூழைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த வாசம் வீட்டில் நிற்பதே விருப்பம்.

வானிலை அறிவிப்பு வந்ததும் முதல்நாள் இரவே வேலையைத் தொடங்கிவிடுவேன். முதலில் மா. பனங்கிழங்கை அவிக்காமல், பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு வேண்டியது ஒடியலை இடித்த மா. யாழ்ப்பாணத்தில் மழைக்கு முன் பனங்கொட்டைகளை அடுக்கி மண் மூடிப் பாத்தி போடுவார்கள். மார்கழி, தையில் பாத்தி கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள். இங்கே முழங்கால் அளவுக்குப் பனி கிடக்கும் அதே நாட்களில் அங்கே முற்றத்துப் பாயில் ஒடியல் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வெயில்தான் பைக்கற்றில் மாவாகி ஸ்காபரோத் தமிழ்க் கடைக்கு வந்து சேர்கிறது.

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கயர்ப்பு உண்டு. பனங்கிழங்கு நாரும் அதில் கலந்திருக்கும். அதனால் மாவை முதலில் அரித்து, அகன்ற சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, தொடாமல் வைத்துவிடவேண்டும். கொஞ்ச நேரத்தில் மா அடியில் சாம்பல் கலந்த வெள்ளையாகப் படியும். மேலே மங்கிய மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும், அதில் மெல்லிய தும்பும் மிதக்கும். சட்டியை ஒருபக்கம் மெதுவாகச் சரித்து அந்த நீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடவேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை மாற்றினால் கயர்ப்பு இறங்கிவிடும். மேல்நீரை நாக்கில் தொட்டுப் பார்த்தாலே எப்போது போதும் என்று தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு 250 கிராம் மா போதுமானது.

மீனை எப்படித் தெரிவது? ஊரில் அன்று கரைக்கு வந்தது எதுவோ அது கூழுக்குள் போகும். இங்கே தமிழ்க் கடையின் உறைபெட்டியில் பாரை, விளைமீன் தலைகள் கிடைக்கும். சீனக் கடைத் தொட்டிகளில் உயிர்நண்டு கிடைக்கும். சால்மனை நான் சேர்ப்பதில்லை. அதன் கொழுப்பு மேலே எண்ணெயாக மிதந்து மற்ற எல்லா வாசத்தையும் மூடிவிடும். நண்டின் பெரிய கால்களை மட்டும் உலக்கைப் பூணாலோ கனமான கரண்டியாலோ ஒரு தட்டுத் தட்டி ஓட்டை வெடிக்க வைத்துப் போடுவேன். உள்ளே இருக்கும் சாறு கூழில் இறங்க அந்த வெடிப்பு வேண்டும். நொறுங்கத் தட்டினால் ஓட்டுத் துண்டுகள் குடிக்கிறவர் பல்லில் படும்.

கூழின் சுவை, எதற்குப் பின் எதைப் போடுகிறோம் என்ற வரிசையில் இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் முதலில் ஒரு பிடி அரிசியும் தோல் நீக்கிய பலாக்கொட்டையும். பிறகு மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள், அதன்பின் பயற்றங்காய். இவை நன்றாக அவிந்த பிறகுதான் நண்டும் மீன்தலையும். றாலும் கணவாயும் கடைசிக்குக் கிட்டத்தான் போகவேண்டும், நேரம் கூடினால் கணவாய் இறுகி ரப்பராகிவிடும். பழப்புளிக்கும் இடம் உண்டு. புளி முந்திவிட்டால் பலாக்கொட்டையும் கிழங்கும் எவ்வளவு கொதித்தாலும் குழையாது, புளிப்பு அவற்றை மெதுமையாக விடாது. அதனால் பலாக்கொட்டை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, அது மாவாக விட்டுக்கொடுத்த பிறகே புளியைத் தொடுவேன்.

அடுத்தது செத்தல் மிளகாய். மஞ்சளும் கொஞ்சம் மிளகும் சேர்த்து அம்மியில் அரைத்த கூட்டுக்கு ஈடு கிடையாது. இங்கே மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு மிக்ஸியில் பட்டாக அரைத்துக்கொள்கிறேன். அந்த அரைப்பையும் புளியையும் படிந்த மாவோடு சேர்த்துக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதியை அடக்கிவிட்டுப் பானையில் மெல்ல ஊற்றவேண்டும். சுடுதண்ணீரில் மாவைக் கரைத்தால் வெளிப்பக்கம் உடனே வெந்து இறுகி, உள்ளே பச்சை மா அடைபட்டுக் கட்டியாகிவிடும். “மா ஊத்தினாப் பிறகு அகப்பையை விடக்கூடாது, பிள்ளை” என்று அம்மா சொல்லுவா. சூடு ஏற ஏற மாவின் ஒவ்வொரு துணிக்கையும் தண்ணீரைக் குடித்து ஊதும். அந்த நேரத்தில் கை நின்றால் அது அடியில் போய்ப் பிடித்துவிடும்.

இந்த இடத்தை நான் கண்ணை எடுக்காமல் பார்ப்பேன். முதலில் அகப்பை தண்ணீரில் போவதுபோல் தடையில்லாமல் சுற்றும். பால்போல் கலங்கியிருந்த நிறம் சட்டென்று கண்ணாடித்தன்மை பெற்று மிளகாயின் சிவப்பு மேலே வரும். கை கனக்கத் தொடங்கும். சிறு குமிழிகள் மறைந்து, பெரிய குமிழிகள் ஒவ்வொன்றாக எழும்பி வெடிக்கும். அகப்பையின் பின்புறத்தில் ஒரு மெல்லிய படை நின்றால் பதம் வந்துவிட்டது. மின்னடுப்பை நிறுத்தினாலும் அதன் தட்டுச் சூட்டை விடாது, ஆகவே பானையை உடனே இறக்கிவிடவேண்டும். விறகடுப்பில் கொள்ளியை இழுத்துவிட்டால் போதும், இங்கே பானையைத்தான் நகர்த்தவேண்டும். ஆறும்போது கூழ் இன்னும் தடிக்கும் என்பதால், குடிக்கும் பதத்தைவிடச் சற்று இளக்கமாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. முருங்கையிலையை இறக்குவதற்குக் கொஞ்சம் முன்பு போடுவேன், பச்சை நிறம் மாறாமல் இருக்க.

ஊரில் பனையோலையில் கோலிய பிளாவில் குடித்தோம். இங்கே கிண்ணம்தான், ஆனால் கரண்டி கொடுப்பதில்லை. வாய் வைத்து உறிஞ்சிக் குடித்து, அடியில் கிடக்கும் நண்டையும் பலாக்கொட்டையையும் கையால் எடுத்துத் தின்னவேண்டும். நடுவில் உறைப்புக் கூடினால் கடிக்கத் தேங்காய்ச் சொட்டு வைத்திருப்பேன். வாசலில் ஸ்னோ தள்ளிவிட்டு விரல் விறைக்க உள்ளே வருகிறவருக்கு முதல் கிண்ணம். சூடும் மிளகாயும் புளியும் சேர்ந்து நெற்றியில் வேர்வையையும் மூக்கில் நீரையும் வரவைத்துவிடும். இங்கே பிறந்த பிள்ளைகள் நண்டுக்காலை உடைத்துச் சதை எடுக்கப் பழகுவதும் இப்படிப்பட்ட நாளில்தான். எங்கேயாவது போகவேண்டும் என்ற அவசரம் யாருக்கும் இல்லாததால் ஒரு காலோடு பத்து நிமிடம் மினக்கெட முடிகிறது.

ஒடியல் மா கைவசம் இல்லாதபோது அரிசிமாவையோ ஓட்ஸையோ போட்டுத் தடிப்பாக்கலாமா என்று கேட்கிறார்கள். மீனை மாற்றலாம். நண்டு இல்லாமலும் காய்ச்சலாம். மச்சம் சாப்பிடாத நாளில் மரக்கறிக் கூழாகவும் காய்ச்சலாம். மாவை மட்டும் மாற்றாதீர்கள். அரிசிமா தடிப்பைத் தரும். நாக்கின் ஓரத்தில் நிற்கும் அந்தச் சிறு கயர்ப்பையும் புழுதி மண்ணின் வாசத்தையும் பனங்கிழங்கு ஒன்றுதான் தரும். நாங்கள் இங்கே வாங்கும் ஒவ்வொரு பைக்கற்றுக்கும் அங்கே ஒருவர் கொட்டை பொறுக்கி, பாத்தி போட்டு, கிழங்கு கிண்டி, கிழித்து, காயவிட்டு, இடித்திருக்கிறார். அந்த வேலை வருசாவருசம் நடக்க, மா வாங்குகிற வீடுகள் வேண்டும். குளிர்காலம் தொடங்கும்போதே ஒரு பைக்கற் வாங்கி அலுமாரியில் வைத்துவிடுங்கள்.