தீக்கு முந்திய சாயங்காலங்கள்

கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் மேற்கு விளிம்பில், கார்டன் ஆஃப் த காட்ஸ் செம்பாறைகளைத் தாண்டி வடக்கே போனால், மலையடிவாரத்தில் இரண்டு இடங்கள் அக்கம்பக்கமாக இருந்தன. ஒன்று கிளென் ஐரி, மற்றது ஃப்ளையிங் டபிள்யூ ராஞ்ச். 1953இல் நாவிகேட்டர்ஸ் என்ற கிறிஸ்தவ ஊழிய அமைப்பு கிளென் ஐரியை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில்தான் ரஸ் உல்ஃப் தம்பதியர், தங்கள் மாட்டுப் பண்ணைக்குக் குதிரைச் சவாரிக்கு வந்தவர்களுக்கு இராச்சாப்பாடு போடத் தொடங்கினார்கள். பிழைப்புக்காக நான் அந்த ஊரில் இருந்த நாட்களில் இரண்டு இடங்களுக்கும் போவேன். ஆனால் மனம் அதிகம் போய் நிற்பது அந்தப் பண்ணையில்தான்.

கோடையில் ஆறு மணிக்கெல்லாம் வண்டிகள் வரிசையாகச் சரிவில் ஏறும். சிறகு விரித்த டபிள்யூ எழுத்து அவர்களுடைய சூட்டுக்குறி. உள்ளே பழைய மேற்கத்திய ஊர் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். கொல்லன் பட்டறையில் இரும்பு அடிக்கும் சத்தம் கேட்கும், குழந்தைகள் சின்ன ரயிலில் சுற்றி வருவார்கள். பிறகு எல்லோரும் நீளமான மரமேசைகளில் உட்கார வேண்டும். நெரிசலான நாட்களில் ஆயிரம் பேருக்கு மேல் இருப்பார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே முழங்கை இடிக்க உட்காருவதுதான் அங்கே முறை. தொப்பிகளைக் கழற்றச் சொல்வார்கள். ஜெபம் நடக்கும். அதற்குப் பிறகுதான் தட்டு.

தகரத் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நகர்ந்தால், கரியில் வெந்த மாட்டிறைச்சி, அலுமினியத் தாளில் சுருட்டிச் சுட்ட உருளைக்கிழங்கு, அவரைக்கொட்டை, ஆப்பிள் மசியல், பிஸ்கட் என்று அவர்கள் சொல்லும் மிருதுவான ரொட்டி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சூட்டில் தட்டின் விளிம்பு விரலைச் சுடும். மாட்டு மந்தையை நெடுந்தூரம் ஓட்டிப் போனவர்களுக்குப் பின்னால் வந்த சமையல் வண்டியின் சாப்பாடு இது என்று பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உழைத்தவர்கள் தின்றதை விருந்தாளிக்குப் போடுவதில் ஒரு மரியாதை இருக்கிறது.

சாப்பாடு முடிவதற்கும் மலை நிழல் மேசைகளை மூடுவதற்கும் சரியாக இருக்கும். பண்ணையின் பாடகர் குழுவான ஃப்ளையிங் டபிள்யூ ராங்லர்ஸ் மேடையேறுவார்கள். பிடில், கித்தார், பேஸ், நான்கைந்து குரல்கள் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கும். குதிரைப் பாட்டு, வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டு, கடைசியில் இயேசுவைப் பற்றிய பாட்டு. என் எதிரே ஒருமுறை ஒரு முதியவர் இருந்தார், மனைவியின் கையை மேசைமேல் பிடித்தபடி வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டுக்கு நான் அந்நியன் என்று யாரும் எனக்கு உணர்த்தவில்லை.

கிளென் ஐரி வேறு மாதிரி. நகரை நிறுவிய ஜெனரல் பால்மர் கட்டிய கல்மாளிகை, மலையிலிருந்து இறங்கிவந்து புல்மேயும் பெருங்கொம்பு ஆடுகள், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் அமர்ந்திருப்பவர்கள். அங்கே குரலைத் தாழ்த்தித்தான் பேசத் தோன்றும்.

2012 வறண்ட ஆண்டு. மலையில் பனி குறைவாகவே விழுந்திருந்தது. சிறு தீக்களைப் பல பத்தாண்டுகளாக அணைத்து அணைத்தே காடு அடர்ந்து போயிருந்தது. அடிக்கடி வரும் சிறு தீயில் பழகி வளர்ந்த பாண்டரோசா பைன்களுக்கு இப்படிப்பட்ட அடர்த்தி ஆகாது. ஜூன் 23 அன்று வால்டோ கேன்யனில் தீ பிடித்தது. மூன்று நாள் அது மலைக்குள்ளேயே இருந்தது. 26ஆம் தேதி வெயில் 101 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அந்த ஊரில் அதுவரை காணாத வெப்பம். மாலையில் இடிமேகம் ஒன்று சரிந்து, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கீழே தள்ளியது. தீ மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். மவுண்டன் ஷேடோஸ் பகுதியில் ஏறக்குறைய 350 வீடுகள் போயின. இருவர் இறந்தார்கள். ஃப்ளையிங் டபிள்யூ எரிந்தது. பட்டறை, மேடை, மேசைகள் எல்லாம். பக்கத்திலேயே கிளென் ஐரி தப்பித்தது.

கிளென் ஐரியைக் கர்த்தர் காத்தார் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை என்னால் சொல்ல முடியாது. பக்கத்தில் எரிந்த மேசைகளிலும் அதே கர்த்தருக்குத்தானே தொப்பி கழற்றினார்கள்? அந்தப் பண்ணையின் ஜெபங்களை நினைவில் கொண்டுவந்து பார்க்கிறேன். என் காதில் விழுந்தவரை அவை நன்றிகள்தான். ரொட்டிக்கு, மழைக்கு, தூரத்திலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு. தங்களுக்கு மட்டும் தீங்கு வரக்கூடாது என்று கேட்டதாக நினைவில்லை. அப்படிப்பட்ட ஜெபத்தைக் காற்றின் திசை பொய்யாக்கிவிடாது.

தப்பியவர்களுக்கும் நிம்மதி இல்லை. எரிந்த மண் தண்ணீரைக் குடிக்காது, கொஞ்சம் மழைக்கே சேறும் பாறையுமாக இறக்கிவிடும். 2013 ஆகஸ்டில் பக்கத்து ஊரான மானிட்டூ ஸ்பிரிங்ஸ் தெருக்களில் கார்கள் கரிய நீரில் மிதந்து போயின. கிளென் ஐரியும் ஒவ்வொரு மழைக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்து அஞ்சியது. ஃப்ளையிங் டபிள்யூ சரிவுகளில் தன்னார்வலர்கள் கரிந்த மரங்களை வெட்டி, மண் இறங்காமலிருக்கக் குறுக்கே கிடத்தினார்கள். கூத்தும் இல்லாத, கூட்டமும் இல்லாத மலையில் கோடாரி பிடித்த அவர்களை எண்ணும்போது நெஞ்சு நிறைகிறது.

2020 கோடையில் பண்ணை மறுபடி திறந்தது. கட்டியவர்களுக்கு என் வணக்கம். எட்டு ஆண்டு விடாமல் நிற்பது சாதாரணமில்லை. அங்கே புதிதாகப் போகும் குழந்தைகளுக்கு அதுவே முதல் பண்ணை, அவர்களுக்குக் குறையொன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எனக்கு மட்டும் அந்தப் பழையது வேண்டியிருக்கிறது: மேசையில் யாரோ கத்தியால் கீறிய பெயர்கள், புகையேறிய கூரை, மேடைக்குப் பின்னால் நெருங்கி நின்ற பைன்கள், எதிரே அமர்ந்து பாடிய அந்த முதியவர்.