கூதல் வருமுன்னே

உறைபனிக் காலம் இல்லாத நாடு மலேசியா. ஆயினும் கம்போங் மேடான் அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியோர்க்கும் ஒரு குளிர்காலம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரலிலும் நவம்பரிலும் பிற்பகல் மழை கனக்கும்போது, ஈரக் காற்றோடு அது படியேறி வருகிறது.

அங்கே ஒரு மூதாட்டி. விடியற்கூதலில் பால்மரம் வெட்டி வளர்ந்த உடம்பு. தோட்டம் வீட்டுமனையானபின் மகனோடு நகர் விளிம்புக்கு வந்தவர். ஒரு நவம்பர் மாலையில் அவர் கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டார். "என்ன அத்தை, உடம்புக்கு முடியவில்லையா?" என்று மருமகள் கேட்டாள். "ஒன்றுமில்லையம்மா, மழைக் குளிர்தான்" என்றவர், கோடாலித் தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டு படுத்தார். மறுநாள் குளியலறை வாசலில் தடுமாறினார். பேரனை மகன் பெயரிட்டு அழைத்தார். காய்ச்சலோ இல்லை. வயதின் தளர்ச்சி என்று வீடு எண்ணியது. மூன்றாம் நாள் மூச்சு வாங்கியபோதுதான் மருத்துவமனைக்கு ஓடினர். நிமோனியா என்றார் மருத்துவர்.

முதுமையில் நோய் ஓசையின்றி வரும். இளையோர்க்கு உடல் கொதிக்கும். முதியோர்க்குச் சில வேளைகளில் காய்ச்சலே இராது. பசியின்மை, திடீர்க் குழப்பம், தடுமாற்றம், வேகமான மூச்சு ஆகியவையே முதல் அறிகுறிகளாகலாம். அவற்றை 'வயதாகிவிட்டது' என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது ஆபத்து. மலேசிய மரணக் காரணங்களின் பட்டியலில் நிமோனியா பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பதை மறத்தலாகாது.

மழையில் நனைவதே சளிக்குக் காரணம் என்பது நெடுநாள் நம்பிக்கை. உண்மையில் நோயைத் தருவது கிருமி. மழைக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, சிறிய வீட்டில் அனைவரும் நெருங்கி இருக்கையில், பள்ளியிலிருந்து பேரன் கொண்டுவந்த இருமல் பாட்டியை எளிதில் அடைகிறது. சுக்குக் காப்பி தொண்டைக்கு இதமே. ஆனால் கிருமியைத் தடுக்கும் காவல் அதற்கில்லை.

1918ஆம் ஆண்டின் பெருங்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பலரைக் கொண்டு சென்றது. அன்று தடுப்பூசி இல்லை, இன்று உண்டு. சளிக்காய்ச்சல் கிருமி உருமாறுவதால் ஆண்டுதோறும் அதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். அது பயன் தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆதலால் மழை முற்றுமுன் போடுவதே முறை. 2024ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு, நாட்பட்ட நோயுள்ள 60 வயது நிறைந்தோர்க்கு இதனை இலவசமாக வழங்கத் தொடங்கியது. நிமோனியாவின் ஒரு வகைக்கும் தனித் தடுப்பூசி உண்டு, மருத்துவரைக் கேட்டறியலாம்.

ஏனையவை செலவில்லாதவை. சாரல் படாத பக்கத்துச் சன்னலைச் சற்றே திறந்து வைத்தல். வெளியிலிருந்து வந்தவுடன் சோப்பிட்டுக் கை கழுவுதல். இருமுகின்ற பிள்ளையைப் பாட்டியின் அருகே உறங்கவிடாதிருத்தல். ஈர உடையை உடனே மாற்றுதல். தாகம் இல்லாவிடினும் இளஞ்சூட்டு நீர் தருதல். பிறர்க்குத் தந்த மாத்திரையில் எஞ்சியதைக் கொடுக்காதிருத்தல்.

அந்த மூதாட்டி பிழைத்து வீடு திரும்பினார். "முதல் நாளே சொல்லியிருக்கலாமே, அத்தை" என்று மருமகள் கலங்கினாள். "வேலைக்குப் போகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு ஏன் தொந்தரவு என்றுதான்" என்றார் அவர். பிள்ளைகளின் ஒருநாள் கூலிக்கு அஞ்சித் தம் மூச்சையே மறைத்துக்கொள்ளும் முதியோர் எத்தனை வீடுகளில் இருக்கின்றனரோ!

இப்போது அவ்வீட்டில் மழை இருட்டும் மாலைகளில், பேரன் புத்தகப் பையை இறக்கிக் கை கழுவிவிட்டு அறை வாசலில் நின்று கேட்கிறான்: "பாட்டி, இன்று கஞ்சி முழுவதும் குடித்தீர்களா?" விடையை மட்டும் கேட்டு அவன் போய்விடுவதில்லை, கிண்ணத்தையும் எட்டிப் பார்க்கிறான்.