கோடு போட்டா ரோடு ஆயிடுமா?

ரோடுகளுக்குப் படம் வரைந்து கொடுக்கிற ஓர் ஆபீஸில் நான் டிராஃப்ட்ஸ்மேன். போன வருஷம் ஒரு ரோட்டுக்கு சைக்கிள் பாதை கேட்டார்கள். கார், பஸ், பார்க்கிங் என்று எல்லோருக்கும் பங்கு பிரித்ததில் ஓரத்தில் மிஞ்சியது 1.2 மீட்டர். கம்ப்யூட்டரில் பச்சை வண்ணத்தை ஊற்றி, நடுவில் ஒரு சைக்கிள் பொம்மையை ஒட்டினேன். "பிரமாதம்ப்பா!" என்றார் மேனேஜர். மூணே மாசத்தில் ரோட்டிலும் பச்சைப் பெயின்ட்! கடைசிப் பந்திக்காரனுக்கு வெறும் ரசம் ஊற்றிய கதை இது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ப்ளஸ் ஒன் படிக்கும் என் பெண்ணுக்கு அரசின் இலவச சைக்கிள் வந்தது. அவள் ஸ்கூலுக்குப் போகிற வழி... சாட்சாத் அதே ரோடு!

"அப்பா, நாளையிலேர்ந்து சைக்கிள்லயே போயிடறேன். நீ வரைஞ்ச பாதைதான் இருக்கே!"

"அதெல்லாம் வேணாம்மா... பஸ்லயே போ!" வாய் முந்திக்கொண்டது.

"ஏம்ப்பா? சைக்கிளுக்குத்தானே வரைஞ்சே?"

பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை சம்சாரம் கண்டுபிடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டேப்போடு கிளம்பினேன். பச்சைப் பாதையில் மூன்று கார்கள், ஒரு தள்ளுவண்டி, எதிர்த் திசையில் பாய்ந்து வரும் பைக்குகள். நின்ற கார் ஒன்றின் கதவு சட்டென்று திறக்க, நடந்து போன எனக்கே விலா எலும்பு தப்பியது பெரிய விஷயம். சைக்கிளில் என் பெண் வந்திருந்தால்?

ராத்திரி தூக்கம் வராமல் புத்தகங்களைப் புரட்டினேன். இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லை சார், ரோடுகளுக்கு விதிமுறை எழுதுகிற அமைப்பு!) 1962-லேயே சைக்கிள் பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. நெதர்லாந்தில் 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400-க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இன்றைக்கு அந்த நாட்டில் இருக்கிற சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தக் கோபமும் இருக்கிறது.

திங்கட்கிழமை, யாரும் கேட்காமலே புதுப் படம் போட்டேன். நடைபாதையை ஒட்டி 2 மீட்டர் சைக்கிள் பாதை. அதற்கு வெளியே கல் கட்டிய திட்டு, கார்க் கதவு திறக்கிற அகலத்துக்கு. திட்டுக்கு அந்தப் பக்கம்தான் பார்க்கிங். நிற்கிற காரே சைக்கிளுக்குக் காவல்! பஸ் ஸ்டாப் வந்தால் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போகும். குறுக்குச் சந்து வந்தால் பாதை மேடாகவே தொடரும். கார்தான் வேகத்தைக் குறைத்து ஏறி இறங்க வேண்டும்.

"இடத்துக்கு எங்கே போறது?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு பக்கமும் பார்க்கிங் இருக்கு. ஒரு பக்கத்தை எடுத்துடலாம் சார்."

"கடைக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"சார், உங்க பையனை அந்த 1.2 மீட்டர்ல சைக்கிள்ல அனுப்புவீங்களா?"

அவர் பேசவில்லை. மேஜையில் பேப்பரைத் தேடினார்!

படம் இன்னும் ஃபைலில் தூங்குகிறது. பெண் கேட்பாளா? சைக்கிளில்தான் போகிறாள். அவளுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்தங்கி, பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டரில் நான். பின்னால் பஸ் டிரைவர் ஹாரனை அலறவிட்டு, என் பரம்பரையையே விசாரிக்கிறார்.

விசாரிக்கட்டும். கல் வைத்துக் கட்டுகிற வரைக்கும் அந்தத் திட்டு நான்தான்!