முர்ரே ஆற்றங்கரையில் ஒரு பன்யிப்

தென் ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய அடிலெயிடிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் சென்றால் முர்ரே பிரிட்ஜ் என்னும் ஊரை அடையலாம். 1879-ல் முர்ரே நதிக்குக் குறுக்கே எழுந்த பாலமே ஊருக்கும் பெயராயிற்று. ஆயினும் நாம் அங்குச் சென்றது பாலத்தைக் காண அன்று; பன்யிப்பைக் காணவே!

ஆற்றோரப் பூங்காவில் ஒரு கூண்டு, உள்ளே நீர். விசையை இயக்கியதும் நீருக்குள்ளிருந்து அகன்ற வாயுடன் ஓர் உருவம் எழும்பி உறுமியது. எங்களோடு வந்த சிறுமி வீறிட்டுத் தாயின் பின்னே ஒளிந்தாள். நாணயம் போட்டால் எழும்பும் பொம்மையாக 1972-ல் இதனை அமைத்தனராம்.

பன்யிப் என்பது விக்டோரியா பகுதி ஆதிக்குடிகளின் மொழியிலிருந்து வந்த சொல். சதுப்பிலும் ஆற்று மடுவிலும் வாழ்ந்து, இரவில் அலறி, கரைக்கு வருவோரைப் பற்றிக்கொள்ளும் பிராணி அது என்பர். வெள்ளையரும் இதனை மெய்யென்றே தேடினர். மரம்பிட்ஜி ஆற்றருகே கிடைத்த விசித்திர மண்டையோடு ஒன்றை 1847-ல் சிட்னி அருங்காட்சியகத்தில் வைக்க, மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். உருக்குலைந்து பிறந்த கன்றின் அல்லது குதிரைக்குட்டியின் மண்டையோடு அது என்று அறிஞர் கூறிவிட்டனர். கூட்டத்திற்கு ஏமாற்றந்தான்.

முர்ரேயின் கீழ்ப்பகுதியில் வாழும் நாரிஞ்செரி மக்களோ இதனை முல்யவோங்க் என்பர். அவர்கள் கதை நம் நெஞ்சைத் தொட்டது. முல்யவோங்க் ஒரு காலத்தில் மனிதனாம். தேவைக்கு மிஞ்சி மீன் பிடித்துக் குவித்த பேராசைக்காரன். அதனாலேயே பாதி மனிதனும் பாதி மீனுமாக ஆற்றில் கிடக்க விதிக்கப்பட்டான். சிறுவர் தனியே ஆழத்தில் இறங்காதிருக்கவும், எவரும் அளவுக்கு மீறி மீன் எடுக்காதிருக்கவும் முதியோர் இக்கதையைச் சொல்லி வளர்த்தனர்.

கதை கேட்ட கையோடு அந்த நதிக்கு நேர்ந்ததையும் எண்ணாதிருக்க முடியவில்லை. 2,500 கிலோமீட்டர் ஓடிவரும் முர்ரேயின் நீரைப் பாசனத்திற்கென வழியெல்லாம் எடுத்தனர், வறட்சியும் சேர்ந்தது. 1981-ல் கடலைச் சேரும் முகத்துவாரமே மணலால் அடைபட்டது! 2002 முதல் பல ஆண்டுகள் இயந்திரங்களால் மணலை வாரித்தான் வாயைத் திறந்து வைத்தனர். கூண்டிலிருக்கும் பொம்மைக்கு இவையெல்லாம் தெரியவா போகிறது?

பொழுது சாய்ந்தது. ஆற்றில் கால் நனைக்க வேண்டுமென்று சிறுமி அடம்பிடித்தாள். தாய் இசைந்தாள், ஆனால் பிடித்த கையை விடவேயில்லை.