லாராவின் குரல் யாருக்குச் சொந்தம்?

கேம் விளையாடாதவர்களுக்கும் லாரா க்ரொஃப்ட்டைத் தெரியும். பின்னல் முடி, இடுப்பில் இரண்டு துவக்கு, பாழடைந்த கல்லறைகள். 1996இல் வந்த முதல் ‘டூம் ரைடர்’ கேமில் அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஷெல்லி ப்ளாண்ட். பிறகு ஜூடித் கிபின்ஸ், ஜோனெல் எலியட், கீலி ஹாவ்ஸ், 2013இலிருந்து கமிலா லடிங்டன். சினிமாவில் 2001இல் ஏஞ்சலினா ஜோலி, 2018இல் அலிசியா விகாண்டர். 2024இல் நெட்ஃபிளிக்ஸ் அனிமேஷனில் ஹெய்லி அட்வெல். ஒரு பொம்புளைக்கு இத்தனை தொண்டை!

வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், ஆளே மாறுவது விளங்கும். முதல் லாரா அதிகம் பேச மாட்டாள். கதவு திறக்காவிட்டால் ஒரு ‘நோ’, அவ்வளவுதான். கீலி ஹாவ்ஸின் லாரா பணக்கார வீட்டு மிடுக்கோடு பகிடி விடுவாள். 2013 லாராவுக்குத்தான் பயம் வந்தது. குளிரில் நடுங்குகிறாள், காயத்தைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்குகிறாள், தனக்குத் தானே தைரியம் சொல்கிறாள்.

எனக்கு அறிமுகமானவள் அந்த 2013 லாராதான். கல்முனையில் எங்கட வீட்டில், காக்காட பழைய லெப்டொப்பில். எனக்கு அப்ப இங்கிலீஷ் மட்டம். பக்கத்தில் இருந்து ராத்தாதான் சப்டைட்டிலை வாசித்துச் சொல்லுவா. அதுவும் சும்மா இல்லை, லாராவாகவே மாறி. “யா அல்லாஹ், உழுந்திட்டன் கா!” “ஒழும்பு, ஒழும்பு, ஒண்டுமில்ல!” உம்மா குசினியிலிருந்து, “ஆருக்குடி என்ன நடந்த?” என்று ஓடி வந்த நாளும் உண்டு. சொல் விளங்காத இடத்தில் லடிங்டனின் மூச்சு விளங்கியது. மிச்சத்தை ராத்தாட தொண்டை நிரப்பியது. நான் விளையாடியது ரெண்டு பேர் சேர்ந்து பேசிய ஒரு லாராவோடு.

இதை இப்போது எழுத வைத்தது பிரான்சில் நடந்த ஒரு விசயம். ஆங்கிலத்தில் குரல்கள் மாறிக்கொண்டிருக்க, பிரெஞ்சில் 1996 தொடக்கம் லாராவின் குரலாக அறியப்பட்டவர் பிரான்சுவாஸ் கடோல். ஏஞ்சலினா ஜோலிக்கும் பிரெஞ்சில் அவர்தான் பேசுவார். 2025 ஆகஸ்டில் பழைய கேம்களின் புதுப்பித்த பதிப்புக்கு ஓர் அப்டேட் வந்தது. அதில் சில வசனங்கள் ஒரு மாதிரியாக இருப்பதை ரசிகர்கள்தான் முதலில் பிடித்தார்கள். அவர் பேசாத வசனங்களை அவர் குரலிலேயே ஏஐ பேசியிருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடோல் வக்கீல் வைத்தார். வெளியீட்டு நிறுவனமான ஆஸ்பைர், வெளியாள் ஒருவர் தங்களுக்குத் தெரியாமல் செய்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டு, அந்தக் குரலை நீக்கியது.

கண்டுபிடித்தது மெஷின் இல்லை, காது. வருசக்கணக்காக ஒரு குரலோடு வாழ்ந்தவர்களின் காது. எனக்கு இதுதான் பெரிசாகப் பட்டது.

நம்மட பக்கம் இது ஒன்றும் தூரத்துக் கதை இல்லை. ‘96’ படத்தில் ஜானுவுக்காக அழுதோம். முகம் த்ரிஷா, குரல் சின்மயி. எத்தனை பேர் குரலுக்கும் சேர்த்து அழுதோம்? குரல் கொடுக்கிறவளை மறப்பது நமக்குப் பழகிய வேலை. மறந்தவளிடமிருந்து எடுப்பதும் லேசு.

ராத்தா கலியாணம் முடித்து இப்ப கட்டாரில். வொய்ஸ் நோட்டில் இதைச் சொன்னேன். “என்ட குரலக் களவெடுத்து என்னத்தக் கிழிக்கப் போறானுகள்” என்று சிரித்தா. அந்த ஒரு வொய்ஸ் நோட்டே இண்டைக்கு ஒரு மெஷினுக்குப் போதும் என்பதை அவவுக்கு நான் சொல்லவில்லை.

தமிழ் பேசும் லாராவை நான் இன்னும் ஒரு கேமிலும் கேட்டதில்லை. ஒரு நாள் வரட்டும். ‘உழுந்திட்டன் கா’ என்று எங்கட ஊர்த் தமிழில் கத்தினால் இன்னும் சந்தோசம். ஆனால் அந்தக் கத்தலுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்க வேண்டும். அவவிடம் கேட்டிருக்க வேண்டும், கூலி கொடுத்திருக்க வேண்டும், கடைசியில் ஓடும் பட்டியலில் அவட பெயரும் ஓட வேண்டும்.